சிலந்தி ஏன் கடித்தது?

பீட்டர் பார்க்கர் என்னும் பள்ளி மாணவனை 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து இதழ் ஒன்றில் ஒரு சிலந்தி கடித்தது. விஞ்ஞானக் காட்சி நடந்துகொண்டிருந்த கூடத்தில், கதிர்வீச்சின் நடுவே தன் நூலைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்ட அந்த அற்பப் பிராணி, சாகும் தறுவாயில் அருகே தென்பட்ட ஒரு கையைக் கடித்துவிட்டு மாண்டது. அந்தக் கைக்கு உரியவனுக்குச் சுவரேறும் திறனும், சாதாரண மனிதருக்கு இல்லாத தேகபலமும், ஆபத்தை முன்னதாகவே உணர்த்தும் விசித்திரமான ஒரு புலனும் வாய்த்தன. ஸ்டான் லீ எழுத ஸ்டீவ் டிட்கோ வரைந்த அந்தப் பதினொரு பக்கக் கதை சொன்ன காரணத்தை ரசிகர்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆட்சேபமின்றி ஏற்று வந்தார்கள். 2001-ல் ஸ்பைடர்மேன் கதைகளை எழுதும் பொறுப்புக்கு வந்த ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, எசக்கியேல் என்ற வயது முதிர்ந்த செல்வந்தர் ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்து, அவர் வாயிலாக ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். கதிரியக்கம் சிலந்திக்கு வல்லமை தந்து, அந்த வல்லமை பையனுக்குப் போய்ச் சேர்ந்ததா? அல்லது, வல்லமை ஆதியிலிருந்தே சிலந்தியிடம் இருந்து, கதிரியக்கம் தன்னைக் கொன்றுவிடுமுன் அதைத் தகுந்த ஒருவனிடம் ஒப்படைத்துவிட அது விரைந்ததா?

சந்தேகம் என்னவோ சிறியதுதான். அதனால் மூண்ட வாதப் பிரதிவாதம் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. பழைய கொள்கைப்படி அந்தப் பையன் தற்செயலின் பிள்ளை. அவன் நின்ற இடத்தில் வேறு எவன் நின்றிருந்தாலும் அவனே நாயகன். புதிய கொள்கைப்படி அவன் தெரிந்தெடுக்கப்பட்டவன். விலங்குகளின் ஆற்றலை மனித உடலில் தாங்கிவரும் தொன்மையான வரிசை ஒன்றில் வந்தவன். அப்படி வந்தவர்களை வேட்டையாடி உண்பதற்கென்றே மோர்லன் என்று ஒருவனும் உலகில் திரிகிறான். முன்னது விபத்து, பின்னது விதி. இவ்விரண்டில் எது சரியென்று கேட்பது, காகிதத்தில் பிறந்த ஒருவனின் ஜாதகத்தைப் பார்த்துத் தகராறு செய்வது போலத் தோன்றலாம். ஆனால் இந்தத் தகராறு கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் வாயிலில் நடக்கும்போது அதற்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது.

கடலூர் முதுநகரைக் கடந்து தெற்கே சிதம்பரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, உப்பனாற்றைக் கிழக்கெல்லையாகக் கொண்டு பரந்து கிடக்கிறது இத்தொழிற்பேட்டை. 1971-ல் மாநில அரசு தோற்றுவித்த தொழில் முன்னேற்ற நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கமே சிப்காட் எனினும், இவ்வட்டாரத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: கெமிக்கல் கம்பெனிகள். பூச்சிக்கொல்லி, சாயம், மருந்து மூலப்பொருள் என்று ரசாயனத்தின் பல கிளைகளும் இங்கே உண்டு. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் என்று அதைச் சூழ்ந்திருக்கும் ஊர்களின் மக்களுக்குக் காற்றின் திசை நாட்காட்டியைவிட முக்கியமானது. பிற்பகல் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறுகையில், மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் மஞ்சள் ஹெல்மெட்டைத் தொங்கவிட்டபடி சாலையோரத் தேநீர்க் கடைக்கு வந்து சேரும் தொழிலாளர் கூட்டத்தில், சித்திரக்கதை ரசிகர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பதை அறிந்தே அங்கே போயிருந்தேன்.

ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட பிளாண்ட் ஆபரேட்டர் ஒருவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்துவிட்டு ஆய்வுக்கூடத்தில் தர பரிசோதனை செய்யும் இளைஞர் ஒருவர். இவ்விருவருக்கும் நடுவில் அமர்ந்து, எந்தப் பக்கம் சாய்வதென்று தீர்மானிக்காமல் வடையை மட்டும் தீர்மானமாகத் தின்றுகொண்டிருந்த காண்ட்ராக்ட் தொழிலாளர் ஒருவர். பெரியவர் பழைய கட்சி. “வால்வு பக்கத்துல எவன் நிக்கிறானோ அவன் மேலதான் தெறிக்கும் தம்பி. நின்னவன் என்ன வம்சம்னு அது கேக்காது” என்றார். இளைஞர் விடுவதாக இல்லை. “சரிண்ணே, தெறிச்சவன்ல ஒருத்தன் மட்டும் எப்படிப் பொழைச்சான்? அதுக்கு ஒரு காரணம் வேணாமா?” என்றார். அமெரிக்க ரசிகர்கள் எத்தனையோ பக்கங்களில் எழுதித் தீர்த்த விவாதத்தின் சாரம் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிட்டதென்பது என் அபிப்பிராயம்.

பெரியவர் ஸ்பைடர்மேன் வழியாக இத்துறைக்கு வந்தவரல்லர். அவர் தலைமுறைத் தமிழர் பலரையும் போல, சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’யின் வழியே வந்தவர். பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேல்தான் அந்த மாயாவி. விபத்தொன்றில் வலக்கையை இழந்து எஃகினாலான கையைப் பொருத்திக்கொண்டவன். பின்னர் நேர்ந்த மற்றொரு விபத்தில் உடலில் மின்சாரம் பாய, அந்தக் கை தவிர மற்றதெல்லாம் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்து போனவன். இங்கிலாந்தில் ‘வேலியண்ட்’ என்ற வாரப் பத்திரிகை 1962 அக்டோபரில் தொடங்கியபோது அதன் முதல் இதழிலேயே இவனும் பிறந்தான். சிலந்தி கடித்த கதைக்கும் இதற்கும் இரண்டு மாத இடைவெளிதான்; அணுவுக்கும் மின்சாரத்துக்கும் மனிதன் அஞ்சியும் ஆசைப்பட்டும் வாழ்ந்த காலம் அது. ஸ்பெயின் தேசத்து ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோவின் தூரிகையில், எஃகு விரல் பிளக் பாயிண்டை நெருங்குவதும், பொறி பறப்பதும், அடுத்த கட்டத்தில் அந்தரத்தில் ஒற்றைக் கை மாத்திரம் மிதந்து செல்வதும் கண்டு மெய்ம்மறந்த பிள்ளைகள் தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரமோ!

இந்த மாயாவிக்கும் உரையாசிரியர் மாறினார் என்பது நம்மில் பலர் கவனியாத செய்தி. விஞ்ஞானப் புனைகதை எழுதிப் பெயர் பெற்ற கென் பல்மர் அவனைச் சிருஷ்டித்தார். சிறிது காலத்துக்குள் டாம் டல்லி அந்தப் பொறுப்பை ஏற்றார். ஆரம்பத்தில் கிராண்டேல் பேராசை பிடித்த சிடுமூஞ்சி. தனக்குக் கிடைத்த சக்தியைக் கொள்ளைக்கும் மிரட்டலுக்கும் பயன்படுத்திய துஷ்டன். அவனே பிற்பாடு நிழற்படை என்னும் அமைப்பின் உளவாளியாகி, நியாயத்தின் பக்கம் நின்று போராடலானான். மின் அதிர்ச்சி மூளையைக் கலக்கியதே பழைய குற்றங்களுக்குக் காரணமென்று சமாதானமும் சொல்லப்பட்டது. எஃகு விரல்களிலிருந்து தோட்டா பாய்ந்தது, புகை கிளம்பியது. ஒரு காலகட்டத்தில் சூப்பர் ஹீரோக்களுக்குரிய உடுப்பையும் அவனுக்கு மாட்டிப் பார்த்தார்கள். அங்கே வாரத்துக்குச் சில பக்கமாக வந்ததை இங்கே முழுக்கதைப் புத்தகங்களாக ஒரே மூச்சில் படித்த தமிழ் ரசிகர்கள், இந்த மாற்றங்களையெல்லாம் பெரிய மனத்துடன் பொறுத்துக்கொண்டார்கள். ‘உறைபனி மர்ம’த்தையும் ‘பாம்புத் தீவை’யும் இன்றும் நெஞ்சார நேசிப்பவர்களிடம் கேட்டால், முதலில் கெட்டவனாயிருந்தவன் எப்படி நல்லவனானான் என்பதற்கு அவர்கள் ஒரு வாக்கியத்துக்கு மேல் செலவிடமாட்டார்கள்.

அவர்கள் விஞ்ஞானம் அறியாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மாயாவி மறையும்போது அவனுடைய சட்டையும் பூட்சும் ஏன் மறைய வேண்டும்? எச். ஜி. வெல்ஸ் 1897-ல் படைத்த மறைந்த மனிதன், உடையணிந்தால் உடை தெரியும் என்ற கஷ்டத்தால் குளிரில் நிர்வாணமாக அல்லவா திரிய நேர்ந்தது! எஃகுக் கை மறையாதென்றால் இடுப்பு பெல்ட்டின் பித்தளைப் பட்டை மட்டும் மறைவானேன்? இவற்றையெல்லாம்விடப் பெரிய இடைஞ்சல் ஒன்றை ரஷ்ய விஞ்ஞான எழுத்தாளர் பெரெல்மான் வெல்ஸின் நாயகன்மீது சுமத்தினார்: உடல் முழுதும் ஒளி ஊடுருவும்படி ஆகிவிட்டால் கண்ணின் விழித்திரையும் அவ்வாறே ஆகிவிடும், ஒளியைத் தடுத்து நிறுத்தாத விழியில் பிம்பம் விழாது, ஆகவே பிறர் காணாத மனிதன் பிறரைக் காணவும் முடியாத குருடன். ஆய்வுக்கூட இளைஞர் இதை விவரித்தபோது பெரியவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். மாயாவியின்மீது அவருக்கிருந்த பக்தியில் அணுவளவும் குறையவில்லை. ஆனால், “அந்தக் கையும் மறையுதுன்னு ஒருத்தன் எழுதினா?” என்று இளைஞர் கேட்ட மாத்திரத்தில் அவர் முகம் மாறிவிட்டது. “அப்புறம் அது மாயாவி இல்ல” என்றார்.

இந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. ரசிகன் காவல் காப்பது காரணத்தையல்ல, விலையை. ஒவ்வொரு முறை மறைவதற்கும் ஓர் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். தாங்கினாலும் நேரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. வரம்புக்குள்ளும் ஒரு கை காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். இந்த மூன்று நிபந்தனைகளும் நிற்கும்வரை, அவற்றுக்கு அடியில் இருக்கும் பௌதிகத்தை எந்தப் புதிய எழுத்தாளர் எப்படி மாற்றினாலும் வாசகன் சினங்கொள்ளான்.

காரணத்தை மாற்றுவது இக்கலையில் புதிதுமன்று. 1938-ல் தோன்றிய சூப்பர்மேனின் பலத்துக்குக் காரணமாக அவனுடைய கிரகத்து மக்களின் உடலமைப்பைச் சொன்னார்கள். பின்னால் வந்தவர்கள் மஞ்சள் சூரியனின் ஒளியைச் சொன்னார்கள். மந்திரவாதி மாண்ட்ரேக் முதலில் உண்மையாகவே மந்திரம் செய்தான். பிற்பாடு அதெல்லாம் மனோவசியம் என்றாயிற்று. இவற்றில் மிகவும் ரசமானது ஃபிளாஷ் என்ற அதிவேக வீரனின் வரலாறு. 1940-ல் கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதிய கதையில், ஜே கேரிக் என்ற மாணவன் ஆய்வுக்கூடத்தில் கடின நீரின் ஆவியைச் சுவாசித்து மயங்கி விழுந்து, எழுந்தபோது மின்னலாக ஓடலானான். கடின நீரென்றால் சோப்பு நுரைக்காத நீர்தான்! கடலோரத்து ஆழ்துளைக் கிணறுகளின் உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சிப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவம் கட்டக் கண்டிருக்கும் இந்த மாவட்டத்துத் தாய்மார்களுக்கு அந்தச் சக்தி வாய்த்திருந்தால், ரேஷன் கடை வரிசையில் எவரும் நிற்கவேண்டியிருந்திராது. பிற்காலத்து எழுத்தாளர்கள் வெட்கப்பட்டு அதைக் கனநீர் என்று திருத்தினார்கள். 1956-ல் வந்த இரண்டாவது ஃபிளாஷுக்கு, ரசாயனப் புட்டிகள் அடுக்கிய அலமாரியில் இடி விழுந்ததைக் காரணமாக்கினார்கள். 1990-களில் மார்க் வெய்ட் வந்து, வேகத்துக்கெல்லாம் ஊற்றான ஒரு பெருஞ்சக்தியிலிருந்து இவர்கள் அனைவரும் மொண்டுகொள்கிறார்கள் என்று வேதாந்தமாகவே உரைத்துவிட்டார்.

புதிய உரை மூலத்தையே விஞ்சிய சந்தர்ப்பமும் உண்டு. லென் வீனும் பெர்னி ரைட்சனும் 1972-ல் தொடங்கிய ‘ஸ்வாம்ப் திங்’ தொடர்கதையில், அலெக் ஹாலண்ட் என்ற விஞ்ஞானி தன் ஆய்வுக்கூடத்தில் வைக்கப்பட்ட குண்டு வெடித்துத் தீப்பற்றி, தான் கண்டுபிடித்த ரசாயனம் உடலெங்கும் வழிய, சதுப்பு நிலத்தில் பாய்ந்து, பாசியும் வேருமான பூதமாக எழுகிறான். மீண்டும் மனிதனாவது எப்படி என்பதே அவனுடைய தீராத ஏக்கம். 1984-ல் ஆலன் மூர் அக்கதையை ஏற்று, பூதத்தை மேசைமேல் கிடத்தி அறுத்துப் பார்க்க வைத்தார். உள்ளே நுரையீரல் போன்ற ஒன்று இருந்தது, அது மூச்சு வாங்கவில்லை; மூளை போன்ற ஒன்று இருந்தது, அது சிந்திக்கவில்லை. ஹாலண்ட் தீயிலேயே செத்துவிட்டான். தான் அவன் என்று நம்பிக்கொண்டிருக்கும் தாவரம்தான் எஞ்சியிருக்கிறது. மூர் தம் நாயகனுக்கு எதையும் கூட்டவில்லை. திரும்பிப் போகலாம் என்று அவனுக்கிருந்த ஒரே நம்பிக்கையைப் பிடுங்கிக்கொண்டார். விலை ஏறிற்று. ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

ஸ்ட்ராசின்ஸ்கியின் சிலந்தி விஷயத்தில் நம்மவர்களுக்கு அபிப்பிராயம் சொல்ல விசேஷ உரிமை ஒன்று இருக்கிறது. சிலந்தி மனிதனான கதை நமக்குப் பழையது. இத்தொழிற்பேட்டையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள சிதம்பரத்தின் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியதாகச் சம்பிரதாயம் சொல்லும் சேக்கிழாரின் பெரிய புராணத்தில் அது இருக்கிறது. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடி லிங்கத்தின்மேல் சருகு உதிராதபடி ஒரு சிலந்தி வலைப்பந்தல் இட்டது. அங்கே வழிபட வந்த யானை அதை அசுத்தமென்று கருதி அழித்தது. சிலந்தி மறுபடியும் நெய்தது, யானை மறுபடியும் அழித்தது. இறுதியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, யானை துதிக்கையை நிலத்தில் அறைய, இரண்டும் மாண்டன. அந்தச் சிலந்தியே சோழர் குலத்தில் கோச்செங்கணானாகப் பிறந்தது. அதிலும் சேக்கிழார் காரணத்தைச் சும்மா விடவில்லை. குழந்தை ஒரு நாழிகை தாமதித்துப் பிறந்தால் உலகாளும் என்று சோதிடர் சொல்லக் கேட்ட தாய் கமலவதி, தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் செய்து பிரசவத்தைத் தாமதப்படுத்தினாள். அதனால் குழந்தையின் கண்கள் சிவந்திருந்தன. பெற்ற சிறிது நேரத்தில் அவள் உயிர் நீத்தாள். யானை ஏற முடியாத மாடக்கோயில்களை அந்த அரசன் கட்டியதற்கும் பூர்வஜன்மப் பகையே காரணமென்று நம் ஊர்களில் சொல்வார்கள்.

இக்கதையில் தேர்வும் இருக்கிறது, பரம்பரையும் இருக்கிறது. ஆயினும் அவற்றுக்கு முன்பாகச் சிலந்தி தன் வாயிலிருந்து நூலெடுத்து நெய்த உழைப்பு இருக்கிறது. தவம் முன்னே, வரம் பின்னே. ஸ்டான் லீயும் டிட்கோவும் செய்த சாமர்த்தியம் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டதுதான். வரம் எவனுக்கோ கைதவறிக் கிடைத்துவிடுகிறது. கர்வத்தால் ஒரு திருடனைத் தப்பவிட்டு, அதே திருடனால் வளர்த்த மாமாவை இழந்த பிறகே பையன் தவத்தைத் தொடங்குகிறான். வாழ்நாள் முழுவதும் அது முடிவதில்லை. எசக்கியேல் வந்து, நீ ஆதியிலேயே குறிக்கப்பட்டவன் என்று சொல்லும்போது, யாருக்கும் நேர்ந்திருக்கக்கூடியது இவனுக்கு நேர்ந்தது என்ற அந்த ஏழைப் பையனின் பொதுச்சொத்து பறிபோகிறது. பதிலுக்குத் தவம் ஏதும் வந்து சேரவில்லை. ஸ்ட்ராசின்ஸ்கி விஷயத்தை ஒரு வினாவாகவே விட்டுவைத்தது அவருடைய புத்திசாலித்தனம். வினா என்பதை மறந்துவிட்டு 2014-ல் அதன்மேல் மாளிகையே எழுப்பினார்கள். எண்ணற்ற பிரபஞ்சங்களின் சிலந்தி வீரர்களையெல்லாம் ஒருங்கு கூட்டி, மோர்லனின் குடும்பத்தோடு மோதவிட்டார்கள்.

இந்தியாவுக்கென்று ஒரு ஸ்பைடர்மேனை 2004-ல் படைத்தபோது இதே கேள்வி நம் வீட்டு வாசலுக்கே வந்தது. சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் கங் ஆகியோர் உருவாக்கிய பவித்ர் பிரபாகர், கிராமத்திலிருந்து மும்பைக்கு வந்த ஏழை மாணவன். அவனுக்குச் சிலந்தியின் சக்தியை ஒரு யோகி அருளுகிறார். மூலக்கதையில் நார்மன் ஆஸ்பார்ன் ரசாயனத் தொழிலதிபர்; ஆய்வில் வெடித்த திரவம் அவரைக் குரூரமானவராக்கியது. இங்கே அவருடைய இடத்தில் வரும் நளின் ஓபராய், ஒரு தாயத்தினால் அரக்கனாகிறான். பவித்ரும் தன் மாமாவைப் பறிகொடுக்கிறான், ஆகையால் விலை கொடுக்கப்பட்டுவிட்டது என்று வாதிடலாம். எனினும், இதைக் கேட்டதும் ஆய்வுக்கூட இளைஞருக்கு வந்த கோபம் நியாயமானதென்றே எனக்குத் தோன்றியது. அதுவரை தேர்வுக் கட்சிக்குப் பரிந்து பேசி வந்தவர் திடீரென்று விபத்துக் கட்சிக்குத் தாவிவிட்டார். “அவனுக்குன்னா லேபு, நமக்குன்னா சாமியாரா? நாங்க தெனமும் இங்க என்னத்தைக் கலக்கிட்டிருக்கோம்?” என்றார். அமெரிக்கப் பையனுக்கு விஞ்ஞானமும் இந்தியப் பையனுக்கு மாந்திரீகமும் என்று பங்கு பிரித்தவர்கள், இந்தியாவில் ரியாக்டரும் கண்டென்சரும் ஓடும் ஊர்கள் இருப்பதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஓடுகின்றன, சில சமயம் வெடிக்கவும் செய்கின்றன. 2021-ஆம் ஆண்டு மே மாதம் இத்தொழிற்பேட்டையின் பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் நால்வர் உயிரிழந்தனர். சித்திரக்கதையில் ரசாயனம் தெறித்தவன் புதுப் பிறவி எடுக்கிறான்; இங்கே தெறித்தால் ஆஸ்பத்திரி, விசாரணை, நஷ்டஈடு. விபத்துக்குப் பின்னால் இங்கேயும் வியாக்கியானங்கள் மாறி மாறி வரும்: வேலை செய்தவனின் கவனக்குறைவு என்பார் ஒருவர், கருவியின் கோளாறு என்பார் இன்னொருவர், இரண்டும் இல்லை, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காததே காரணம் என்பார் மூன்றாமவர். எந்த உரை நிலைக்கிறதோ அதைப் பொறுத்தே ஒரு குடும்பத்துக்கு வந்து சேர வேண்டியது வந்து சேரும். ஆகவே காரணத்தைப் பற்றி இவ்வூரார் கொள்ளும் அக்கறை பொழுதுபோக்கால் வந்ததன்று. 2004-ல் சுற்றுக் கிராமத்தவர் சிலர் பயிற்சி பெற்று, இன்ன நேரத்தில், இன்ன திசைக் காற்றில், அழுகிய முட்டை வாடையா நெயில் பாலிஷ் வாடையா என்று குறித்து வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பையொன்றைப் பொருத்திய எளிய சாதனத்தில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய மூக்கு உணர்ந்தது பிரமையன்று என்பதை, அந்த மாதிரிகளில் இனங்காணப்பட்ட ரசாயனங்கள் காட்டின. விதி என்று சொல்லி வாயை அடைக்க வருபவரிடம் விபத்து என்று வாதாடவும், விபத்து என்று கைகழுவ வருபவரிடம் காரணம் உண்டென்று வாதாடவும் இவர்கள் ஏககாலத்தில் கற்றிருக்கிறார்கள். வால்வு வம்சம் கேட்காது என்று பெரியவர் சொன்னதற்குப் பின்னால் இருந்த அனுபவம் இதுதான். தப்பித்தவனுக்கும் ஒரு காரணம் வேண்டும் என்று இளைஞர் பிடிவாதம் பிடித்ததற்குப் பின்னால் இருந்ததும் இதுவே.

இந்தத் தொழிற்பேட்டையிலிருந்தே ஒரு வீரனைத் தமிழ் எழுத்தாளர் எவரேனும் படைத்தால் அவனுக்கு என்ன சக்தி தரலாம் என்று, பேச்சு முடியும் தறுவாயில் நான் கேட்டு வைத்தேன். காற்றை மோந்தே எந்த வாயு, எந்த அளவு, எந்தக் குழாயிலிருந்து என்று சொல்லிவிடுபவனாக இருக்கலாம் என்றார் இளைஞர். சரி, அதற்கு விலை என்ன என்றார் பெரியவர். ஒவ்வொரு முறை மோந்ததும் ஒரு நாளைக்குப் பேச்சு நின்றுவிட வேண்டும், அப்போதுதான் கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்ல முடியாது என்று இருவருமாக ஒருவாறு முடிவு செய்தார்கள். நல்ல நிபந்தனை என்று நானும் ஒப்புக்கொண்டேன். அதுவரை எந்தக் கட்சியிலும் சேராமல் வடை தின்றுகொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “முதல்ல ஒண்ணு சொல்லுங்கண்ணே, அவன் கம்பெனி ஆளா, காண்ட்ராக்ட் ஆளா? பேச்சு நின்னுபோன அன்னிக்கு அவனுக்குச் சம்பளம் உண்டா, இல்லையா?” என்று கேட்டார். அந்த விவாதம் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது.